வலது இடுப்பு, முன்னோக்கிய கைப்பிடி: இது இடதுகைக்காரர் உறையா, குதிரைப்படை உறையா?

பென்சில்வேனியா வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் காலமானபின் அவர் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அங்கே ஒரு பழைய தோல் உறை கிடைத்தது. உள்ளே துப்பாக்கி இல்லை, வெறும் உறைதான். பழுப்பு நிறம், நல்ல கனம். மூடியில் நீள்வட்டத்துக்குள் ‘யுஎஸ்’ என்று அழுத்தியிருக்கிறது. விற்றவர், "இது இடதுகைக்காரர் உறை, அதனால்தான் அபூர்வம்" என்று சொல்லி விலையைக் கூட்டினார்.

மூடி என்னைப் பார்க்க மேசையில் வைத்தால் கைப்பிடி வரும் பக்கம் என் வலப்புறம் இருக்கிறது. சாதாரண வலதுகை உறையில் அது இடப்புறம் இருக்கும். அந்த வகையில் அவர் சொன்னது சரிதான் போலத் தெரிகிறது. ஆனால் ராணுவத்தில் இடதுகைக்காரருக்கென்று இவ்வளவு உறை செய்திருப்பார்களா? இணையத்தில் தேடினால் இதே மாதிரி நிறைய கண்ணில் படுகின்றன. ஒருவர் 1881 மாடல் என்கிறார், இன்னொருவர் 1909, மற்றொருவர் 1917. எந்த ரிவால்வருக்கு, எந்த அளவுக்குச் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சேணத்தோல்

அது இடதுகைக்காரர் உறை இல்லை. அமெரிக்க ராணுவம் உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து முதல் உலகப் போர் வரை ரிவால்வரை இப்படித்தான் மாட்டியது: வலது இடுப்பில், கைப்பிடி முன்னோக்கி. காரணம் வாள். குதிரைவீரனின் வாள் இடது இடுப்பில் தொங்கும், வலது கை அதை உருவும். ரிவால்வருக்கு மிச்சமிருப்பது வலது இடுப்பு. வலது கையில் வாள் இருந்தால் இடது கையைக் குறுக்கே நீட்டி ரிவால்வரை எடுக்கலாம். வலது கை சும்மா இருந்தால் உள்ளங்கை வெளியே பார்க்க மணிக்கட்டைத் திருப்பி அதே கையாலேயே எடுக்கலாம். ஒரே உறை இரண்டு கைக்கும் உதவியது.

மேசையில் வைத்துப் பார்க்கும்போது குழப்பம் வருவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கைப்பிடி வலப்புறம் இருக்கும் உறையை இடது இடுப்பில் மாட்டினால் கைப்பிடி பின்னோக்கும். அப்போது அது இடதுகைக்காரரின் நேர் உறை. அதையே வலது இடுப்பில் மாட்டினால் கைப்பிடி முன்னோக்கும். அப்போது அது குதிரைப்படை உறை. தோல் ஒன்றுதான், இடுப்புதான் வேறு. ஆகவே சாய்வில்லாமல் நேராகத் தொங்கும் உறையின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து "இடதுகை" என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தப் பெயரைச் சொல்லி விலையை ஏற்றுவது நிறைய நடக்கிறது. புதிதாகச் சேகரிப்பவர்கள் பணம் இழப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

இனி மாடலுக்கு வருவோம். பழுப்பு நிறம் என்கிறீர்கள். அது தோலின் அசல் நிறமா, கறுப்புச் சாயம் வெளுத்துப் போய் வந்த நிறமா? தையல் ஓரத்தையும் பின்னால் பெல்ட் நுழையும் லூப்பின் உட்பக்கத்தையும் பாருங்கள். வெயில் படாத இடத்தில் கறுப்பு தங்கியிருக்கும். அமெரிக்க ராணுவம் 1900களின் தொடக்கத்தில்தான் கறுப்புத் தோலை விட்டு செம்பழுப்புக்கு மாறியது. உட்பக்கத்திலும் கறுப்பின் சுவடே இல்லையென்றால் 1881 மாடலை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

அப்புறம் மூன்று அளவு எடுத்துப் போடுங்கள். ரிவால்வரின் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் அமரும் உருளை, இருந்த இடத்தில் தோல் புடைத்திருக்கும், அந்தப் புடைப்பின் உள் அகலம் ஒன்று. புடைப்பின் கீழ் விளிம்பிலிருந்து உறையின் நுனி வரை உள்நீளம் ஒன்று. பின்பக்க லூப்புக்குள் எவ்வளவு அகலமான பெல்ட் நுழையும் என்பது ஒன்று. முத்திரை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும், நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

பென்சில்வேனியா வாசி

நன்றி ஐயா. கறுப்பு எங்கேயும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் ஒரே செம்பழுப்பு. உள்நீளத்துக்கும் அகலத்துக்கும் அளவுகோலை நுழைத்துப் பார்த்தேன், சரியாக நிற்கவில்லை. தோல் உள்ளே சற்று ஒட்டிப்போயிருக்கிறது. தண்ணீரில் நனைத்து விரித்துவிட்டு அளக்கலாமா?

நூல்பிடி

தண்ணீர் கிட்டவே வேண்டாம்! நூறு வருடத் தோலை நனைத்து விரித்தால் சிலிண்டர் பதிந்த தடம் போய்விடும். அந்தத் தடம்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. காயும்போது தோல் சுருங்கி வெடிக்கவும் செய்யும்.

கனமான காகிதத்தைத் தளர்வாகச் சுருட்டி வாய் வழியாக நுழையுங்கள். உள்ளே போனதும் மெல்ல விட்டால் அது தானாக விரிந்து தோலின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வாய் விளிம்பு வரும் இடத்தில் காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுத்து அளக்கலாம். புடைப்பின் அகலத்துக்கு வெளியிலிருந்து காலிப்பர் வைத்து, இரண்டு பக்கத் தோலின் தடிமனையும் கழித்துக்கொள்ளுங்கள்.

சேணத்தோல்

நூல்பிடி சொன்ன காகித முறை நல்ல முறை. அதோடு ஒரு விஷயம். அளவு பார்ப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் பேரல் நீளம். ரிவால்வரில் பேரல் நீளம் என்றால் சிலிண்டருக்கு முன்னால் தொடங்கி வாய் வரை. சிலிண்டர் அதில் சேராது. தானியங்கிப் பிஸ்டலில் குண்டு அமரும் அறையும் பேரலோடு சேர்ந்த கணக்கு. அதனால் ‘4 அங்குல’ ரிவால்வரும் ‘4 அங்குல’ பிஸ்டலும் ஒரே உறையில் பொருந்தாது. ரிவால்வர் உறையை வாயிலிருந்து நுனி வரை மொத்தமாக அளந்துவிட்டு "9 அங்குல உறை" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. புடைப்புக்குக் கீழே உள்ள நீளம்தான் பேசும்.

குதிரைப்படை வரிசையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நீளங்கள் இவை. கோல்ட் 1860 ஆர்மி 8 அங்குலம், 1851 நேவி 7½ அங்குலம். 1873இல் ஏற்கப்பட்ட கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி 7½ அங்குலம், அதனுடன் புழங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஸ்கோஃபீல்டு 7 அங்குலம். 1892இல் வந்த .38 கோல்ட் (.38, .45 என்பவை குண்டளவைக் குறிக்கும் எண்கள்) 6 அங்குலம். 1909 மாடலும் 1917 மாடலும் 5½ அங்குலம். உறையின் உள்நீளம் இவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

சிலிண்டர் அகலமும் நல்ல சாட்சி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சின்ன ஜே சட்டகத்துக்கு (சட்டகம் என்பது ரிவால்வரின் உடல்) சுமார் 33 மிமீ, நடுத்தர கே சட்டகத்துக்கு 37 மிமீ, பெரிய என் சட்டகத்துக்கு 43 மிமீ. கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி 42 மிமீ அருகில். .38க்கும் .45க்கும் உள்ள வித்தியாசத்தைக் கைவிரலை உள்ளே விட்டாலே உணரலாம்.

எழுத்தாணி

இழையைத் திசைதிருப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம், இதே கேள்வி எனக்கும் இருக்கிறது. என்னிடம் கறுப்பு உறை ஒன்று உண்டு. இதுவும் வலது இடுப்புக்கு, கைப்பிடி முன்னோக்கிய வகை. பித்தளைக் குமிழில் மாட்டும் மூடி, அதில் ‘யுஎஸ்’ நீள்வட்டம். "உள்நாட்டுப் போர், 1863" என்று சீட்டு ஒட்டி எனக்கு விற்றார்கள். கீழ்நீளம் 7½ அங்குல பேரலுக்குச் சரியாக இருக்கிறது. 1851 நேவிக்கும் 7½தானே? அப்படியானால் சீட்டு சரிதானா?

சேணத்தோல்

பின்பக்க லூப்பை அளந்து சொல்லுங்கள். அதற்குள் எவ்வளவு அகலமான பெல்ட் நுழையும்?

எழுத்தாணி

மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேயே நுழைகிறது. பெரிய லூப். உறையின் அகலத்தைத் தாண்டி வெளியே தெரிகிறது.

சேணத்தோல்

அப்படியானால் அது 1863 இல்லை, 1881 மாடல்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் ரிவால்வர் உறை வாள் பெல்ட்டில் ஏறியது. அந்த பெல்ட் சுமார் 2 அங்குலம்தான். லூப்பும் அதற்கேற்ற மாதிரி குறுகலாக இருக்கும். அதன்பின் மேற்குச் சமவெளிகளில் வீரர்கள் தோட்டாவைப் பெட்டியில் வைக்காமல் பெல்ட்டிலேயே வரிசையாகச் செருகிக்கொள்ள ஆரம்பித்தார்கள். முதலில் தாங்களாகவே தைத்துக்கொண்டார்கள், பிறகு ராணுவமே மில்ஸ் நெசவு பெல்ட்டைக் கொடுத்தது. அது 3 அங்குல அகலம். பழைய உறை அதில் ஏறவே ஏறாது. அதற்காகத்தான் லூப்பைப் பெரிதாக்கி 1881 மாடலை வெளியிட்டார்கள். ராணுவத்தின் ஆயுதச் சாலைகளான ராக் ஐலண்டு ஆர்செனலிலும் நியூயார்க் மாநிலத்து வாட்டர்வ்லீட் ஆர்செனலிலும் செய்தார்கள். கோல்ட், ஸ்கோஃபீல்டு இரண்டும் அடங்கும்படி ஒரே அளவு.

உள்நாட்டுப் போர் உறையின் மூடி பெரியது, ரிவால்வரின் கைப்பிடியை முழுக்கப் போர்த்தும். 1881இல் மூடி சின்னதாகிவிட்டது. இன்னொன்று, பழைய கோல்ட்டில் பேரலுக்குக் கீழே குண்டை அழுத்தி ஏற்றும் நெம்புகோல் உண்டு. அதற்கு இடம் வேண்டும் என்பதால் அந்தக்கால உறையின் கீழ்ப்பகுதி ஆழமாக இருக்கும். உங்களுடையதில் அது ஒல்லியாக இறங்கினால், நெம்புகோல் இல்லாத ரிவால்வருக்குச் செய்தது என்று அர்த்தம்.

எழுத்தாணி

ஒல்லியாகத்தான் இறங்குகிறது. மூடியும் சின்னது. சீட்டைக் கழற்றிவிட்டேன். ஆனால் ஒன்று புரியவில்லை. காகிதத்தை விட்டு எடுத்தால் பேரலின் தடம் நுனி வரை போகவில்லை, சுமார் இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே தோல் தட்டையாக, புதிது போல இருக்கிறது.

சேணத்தோல்

இதைப் படித்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம். உங்கள் உறை ஒரு கதையையே வைத்திருக்கிறது.

1890களின் நடுவில் 7½ அங்குல கோல்ட்டுகளை அரசு திரும்ப வாங்கி 5½ அங்குலமாக வெட்டியது. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘ஆர்ட்டிலரி மாடல்’ என்பார்கள். அதற்குள் .38 கோல்ட் முதன்மை ஆயுதமாகிவிட்டது. பிறகு பிலிப்பைன்ஸ் சண்டையில் .38க்கு எதிரியை நிறுத்தும் வலு போதவில்லை என்ற புகார் எழுந்தது. வெட்டிய .45கள் மறுபடி வீரர் கைக்கு வந்தன. 7½ அங்குல உறையில் 5½ அங்குல ரிவால்வர் வருடக்கணக்காக இருந்தால் தடம் நீங்கள் சொன்ன இடத்தில்தான் நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 2 அங்குலம். இது என் ஊகம்தான். ஆனாலும் அளவு இவ்வளவு ஒத்துவரும்போது வேறு விளக்கத்தைத் தேட எனக்குத் தோன்றவில்லை.

தயவுசெய்து அதில் எண்ணெய் தடவ வேண்டாம். பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சையாக மெழுகு போல ஏதாவது இருக்கிறதா? தோலில் தடவிய கொழுப்பும் பித்தளையில் உள்ள செம்பும் சேர்ந்தால் அது வரும். மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுத்தால் போதும்.

மியூனிக் கிழக்கு

நல்ல இழை. என் பக்கத்துக் கேள்வி இது. இங்கே ஜெர்மனியில் சந்தைகளில் ராணுவ உறைகள் வரும். ஜெர்மானியர்கள் இடது இடுப்பில், கைப்பிடி முன்னோக்கி மாட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். அதுவும் கிராஸ் டிரா, அதாவது கையைக் குறுக்கே நீட்டி எடுக்கும் வகைதானே? பி08 (லூகர்), பி38 (வால்தர்) என்ற இரண்டு பிஸ்டல்களின் உறைகளையும் எப்படிப் பிரிப்பது? முத்திரை தேய்ந்துபோனால் இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

நூல்பிடி

ஆமாம், அதுவும் கிராஸ் டிராதான், ஆனால் எதிர் இடுப்பு. வலது கை வயிற்றுக்குக் குறுக்கே போய் எடுக்கும். அதனால் மேசையில் வைத்தால் ஜெர்மன் உறை சாதாரண வலதுகை உறை மாதிரியே தெரியும். இழையைத் தொடங்கியவருக்கு வந்த குழப்பம் அப்படியே தலைகீழாக இங்கே வருகிறது.

இரண்டையும் பிரிக்க மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். பி08 உறையில் மூடியின் உள்ளே ஒரு குட்டிப் பை தைத்திருக்கும். லூகரைக் கழற்றவும் மேகசினில் தோட்டா ஏற்றும்போது ஸ்பிரிங்கை அழுத்தவும் உதவும் சின்னக் கருவி அதில் இருக்கும். பி38க்கு அந்தக் கருவி தேவையில்லை, பையும் இல்லை. பையைப் பிரித்து எடுத்திருந்தாலும் ஊசித் துளை வரிசை தோலில் நிற்கும். விரலால் தடவினாலே தெரியும்.

அடுத்து வடிவம். லூகரின் பேரல் 100 மிமீ, பி38க்கு 125 மிமீ. லூகரின் மேலே முழங்கை மாதிரி மடங்கும் பகுதியின் இருபுறமும் உருண்டைக் குமிழ்கள் உண்டு. அவற்றுக்கு இடம் விட்டு மூடி மேலே குவிந்திருக்கும். இரண்டிலும் கூடுதல் மேகசினுக்கு முன் விளிம்பில் பை இருக்கும். ஆகவே அதை வைத்துப் பிரிக்க முடியாது.

பி38இல் இரண்டு வகை. தொடக்கத்தில் பி08 போலவே கெட்டித் தோலை அச்சில் வார்த்த உறை. 1943 வாக்கில் தோலும் வேலை நேரமும் மிச்சமாகும்படி எளிய, மென்மையான உறைக்கு மாறினார்கள்.

முத்திரை இருந்தால் பின்பக்கம் இரண்டு லூப்புகளுக்கு நடுவில் இருக்கும். முதல் உலகப் போர் உறைகளில் செய்தவர் பெயர், ஊர், வருடம், ராணுவ ஆடைக் கிடங்கின் முத்திரை. 1930களில் ‘பி.08’ என்று மாடலையே அடிக்கத் தொடங்கினார்கள். 1940–41 முதல் செய்தவர் பெயருக்குப் பதில் மூன்று எழுத்துக் குறி. போரின் கடைசிக் கட்டத்தில் நீண்ட ஆலை எண். வருடமும் குறி முறையும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சேணத்தோல்

இதோடு இரண்டு எச்சரிக்கை. போருக்குப் பின் மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்காக பி38 மறுபடி தயாரானது. 1963இல் அதற்கு பி1 என்று பெயர் மாறியது. அந்த பி1 உறைகள் போர்க்கால உறைகளாக விற்பனைக்கு வருவது சகஜம். இன்னொன்று சுவிஸ் லூகர் உறை. சுவிஸ்காரர்கள் 1900லேயே லூகரை ஏற்றவர்கள், அவர்கள் பேரல் 120 மிமீ. அதைக் கையில் எடுத்தவர்கள் "பி08க்கு நீளம், பி38க்குக் குட்டை" என்று குழம்புவார்கள். சேணம் தைப்பவர் பெயரும் ஊரும் வருடமும் அதில் தெளிவாக அடித்திருக்கும். அதைப் படித்தால் தீர்ந்தது.

ஜெர்மனியில் இருக்கும் நண்பருக்கு இன்னொன்றும். நாஜிக் கால ஆய்வு முத்திரையில் ஸ்வஸ்திகா சின்னம் இருந்தால் பொதுவில் காட்டுவதற்குச் சட்டத் தடை உண்டு. படம் போடும்போது அந்த இடத்தை மறைத்துவிடுங்கள்.

எழுத்தாணி

அப்படியானால் ராணுவம் அல்லாத, கடையில் விற்ற கிராஸ் டிரா உறைகளை எப்படித் தெரிந்துகொள்வது? அவற்றில் கைப்பிடி சாதாரண வலதுகை உறை போலவே தெரிகிறதே.

சேணத்தோல்

சாய்வைப் பாருங்கள். ராணுவ உறை நேராகத் தொங்கும். கடை உறைகளில் லூப்பைச் சாய்த்துத் தைத்திருப்பார்கள். லூப் கிடைமட்டமாக இருக்கும்படி உறையை மேசையில் வையுங்கள். கைப்பிடி எந்தப் பக்கமோ அதே பக்கம் உறையின் மேல்பகுதி சாய்ந்திருந்தால் அது கிராஸ் டிரா. குறுக்கே வரும் கையை நோக்கிக் கைப்பிடி சாய்ந்து கொடுக்கிறது. மேல்பகுதி கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் அது வலது இடுப்புக்கான முன்சாய்வு உறை. படத்தில் பார்த்து வாங்குகிறவர்கள் லூப்பின் படத்தைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

டென்வர் ஹைசர், எல் பாசோ மயர்ஸ் போன்ற நல்ல சேணக் கடைகளின் உறைகளில் பின்பக்கம் கடை முத்திரை இருக்கும். உறையில் எண் இருந்தால் அது மாடல் எண்ணா அளவு எண்ணா என்று முதலில் அளந்து பாருங்கள். அளவோடு ஒத்துப்போகாத எண் பெரும்பாலும் மாடல் எண்.

பென்சில்வேனியா வாசி

அளந்துவிட்டேன். புடைப்புக்குக் கீழே உள்நீளம் சுமார் 150 மிமீ. புடைப்பின் உள் அகலம் 43, 44 மிமீ. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் பின்பக்கம் முத்திரை தெரிந்தது. மேல் வரி தேய்ந்திருக்கிறது, கீழே 1918 தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் மூன்று எழுத்து, ஆய்வாளருடையதாக இருக்கலாம். 1892இன் .38க்கு 6 அங்குலம் என்றீர்களே, அதற்கும் இது பொருந்துமா?

சேணத்தோல்

பொருந்தாது. 6 அங்குலம் என்றால் 152 மிமீ, உங்கள் 150இல் அடங்காது. .38 சிலிண்டருக்கு 43 மிமீ புடைப்பும் வராது. 5½ அங்குலம் என்றால் 140 மிமீ. 10 மிமீ இடம் மிச்சம், சரியான கணக்கு. பெரிய சட்டகம், .45.

1909 மாடல் உறையும் 1917 மாடல் உறையும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1909 ரிவால்வர் கோல்ட் நியூ சர்வீஸ். அமெரிக்கா 1917 ஏப்ரலில் போரில் இறங்கியபோது 1911 பிஸ்டல் போதவில்லை. கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தங்கள் பெரிய ரிவால்வரையே பிஸ்டல் தோட்டாவுக்கு மாற்றிச் செய்தார்கள். மூன்று மூன்று தோட்டாவாக அரைவட்டக் கிளிப்பில் செருகுவது அப்போது வந்ததுதான். இரண்டு கம்பெனியும் சேர்ந்து 3 லட்சத்துக்கு மேல் கொடுத்தன. அவ்வளவுக்கும் உறை வேண்டும், தனியார் ஒப்பந்தக்காரர்கள் தைத்தார்கள். 1918 என்ற வருடம் உங்கள் உறையை அந்தக் கூட்டத்தில் சேர்க்கிறது. ஆகவே 1917 மாடல் ரிவால்வர் உறை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டுக்கும் பொது. வலது இடுப்பு, கைப்பிடி முன்னோக்கி.

1911 பிஸ்டலுக்கு வந்த 1912, 1916 மாடல் உறைகளில் ராணுவம் கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்பிவிட்டது. ஒரே போரில், ஒரே ராணுவத்தில், பிஸ்டல்காரர் ஒரு திசையிலும் ரிவால்வர்காரர் எதிர்த்திசையிலும் மாட்டியிருந்தார்கள். உங்களுக்கு விற்றவர் 1916 உறைகளையே பார்த்துப் பழகியிருந்தால் உங்களுடையது அவருக்கு இடதுகை உறையாகத்தான் தெரிந்திருக்கும்.

பென்சில்வேனியா வாசி

ரொம்ப நன்றி ஐயா. இன்னும் ஒன்றே ஒன்று. மடிப்பில் தொட்டால் செம்பொடி மாதிரி கையில் ஒட்டுகிறது. பாலிஷ் போடலாமா?

நூல்பிடி

வேண்டாம். அது தோலின் நார் சிதைவது, ‘ரெட் ராட்’ என்பார்கள். மரப்பட்டையில் பதனிட்ட பழைய தோலுக்கு வரும். பாலிஷும் எண்ணெயும் பொடியோடு சேர்ந்து கறுப்பாக இறுகிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. ஆவணக் காப்பகங்களில் க்ளூசெல் ஜி என்ற பொடியை ஆல்கஹாலில் கரைத்து மென்மையான தூரிகையால் பூசுவார்கள். சிதைந்த நாரை அது பிடித்து நிறுத்தும். முதலில் லூப்பின் உட்பக்கம் ஒரு ஓரத்தில் பூசி, காயவிட்டு நிறம் மாறுகிறதா பாருங்கள். முத்திரை இருக்கும் இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள். அதற்கு முன்னால் அந்தத் தேய்ந்த மேல் வரியை சாய்வு வெளிச்சத்தில் நாலு கோணத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள், படித்துப் பார்க்கலாம்.